பொண்ணு குறட்டை விடுவாளா?

குழந்தைக்காக சிகிச்சைக்குப் போகும் பெண்ணிடம் நம் ஊரில் கேட்காத கேள்வி கிடையாது. எந்த வயதில் வயசுக்கு வந்தாய், மாதம் தவறாமல் தலைக்குக் குளிக்கிறாயா, எத்தனை நாள் படுகிறது, சொந்தத்தில் கல்யாணமா, தைராய்டு உண்டா, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, வாரத்துக்கு எத்தனை தடவை சேர்கிறீர்கள் என்பது வரை. எடை பார்க்கும் பெண், கூடத்தில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி அதைச் சத்தமாகச் சொல்லித்தான் ஃபைலில் எழுதுவார். உறவிலும் அக்கம்பக்கத்திலும் பலருக்குத் துணையாகப் போய் அந்த நாற்காலிகளில் நிறையவே உட்கார்ந்திருக்கிறேன். "ராத்திரி எப்படிம்மா தூங்குறே?" என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. நான் டாக்டர் இல்லை. இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தவள், அவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1950-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எவரெட், சாயர் என்று இரண்டு பேர் பெண் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கருமுட்டை வெளியாக வேண்டிய நாளன்று மதியம் 2 மணிக்கு எலிக்கு பார்பிட்யூரேட் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தார்கள். அன்றிரவு முட்டை வெளியாகவில்லை. சரி, மருந்து தெளிந்ததும் சில மணி நேரம் தாமதமாக வெளியாகும் என்றுதானே நினைப்போம்? இல்லை. சரியாக 24 மணி நேரம் தள்ளிப் போனது. மறுநாளும் அதே 2 மணிக்கு மருந்து கொடுத்தால் இன்னொரு நாள் தள்ளிப் போனது. 4 மணிக்குக் கொடுத்தாலோ எந்தப் பாதிப்பும் இல்லை. மூளை அதற்குள் உத்தரவை அனுப்பி முடித்திருந்தது. கருமுட்டை முதிர்ந்தால் மட்டும் போதாது, மூளையின் கடிகாரமும் அதற்கான நேரம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அந்தக் கடிகாரம் நம் மூளையிலும் இருக்கிறது. கண்ணிலிருந்து போகும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் பகுதியில், ஒரு சின்ன செல் கூட்டம். வெளிச்சத்தைப் பார்த்து இது பகல், இது இரவு என்று உடம்பு முழுவதற்கும் சொல்வது அதுதான். செல்லுக்குள்ளே இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அதே ஹைப்போதலாமஸிலிருந்துதான் சினைப்பையை இயக்கும் ஹார்மோன் சங்கிலியும் தொடங்குகிறது. கருமுட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனின் திடீர் எழுச்சி பெண்களுக்குப் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு பெண் பூப்படையும் பருவத்திலும் அப்படித்தான். எல்.எச். முதலில் தூக்கத்தில்தான் ஏறத் தொடங்குகிறது என்று 1972-இலேயே காட்டிவிட்டார்கள். பாவாடை தாவணி வாங்கிக் கொடுத்து ஊரைக் கூட்டுகிறோமே, அந்தக் காரியம் மாசக்கணக்காக அந்தப் பிள்ளை தூங்கும்போது நடந்துகொண்டிருந்தது.

இந்தக் கடிகாரத்தைக் கலைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2012-இல் சுண்டெலிகளை வைத்துப் பார்த்தார்கள். இணை சேர்ந்த எலிகளின் கூண்டு விளக்கை ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை, ஒரு கூட்டத்துக்கு 6 மணி நேரம் முன்னேயும் இன்னொரு கூட்டத்துக்குப் பின்னேயும் தள்ளி வைத்தார்கள். விமானம் ஏறாமலேயே ஜெட் லாக். தொந்தரவு செய்யப்படாத எலிகளில் 90 சதவீதம் நல்லபடியாகக் குட்டி போட்டன. விளக்கைப் பின்னே தள்ளிய கூட்டத்தில் 50 சதவீதம். முன்னே தள்ளியதில் வெறும் 22.

இந்த 22-ஐப் படித்துவிட்டு, நைட் டியூட்டி பார்க்கும் யாருக்காவது வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள். எலி வேறு, நாம் வேறு. எலிக்கு அந்தக் கடிகாரம் கறாரான எஜமான். பெண்ணின் உடம்பு எவ்வளவோ விட்டுக்கொடுக்கும். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே பிள்ளை பெற்ற நர்ஸுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்.

மனுஷிகளிடம் நடந்த ஆய்வுகளுக்கு வருவோம். அதிகம் பேசப்பட்டது தைவானில் 2018-இல் வெளியானது. நாட்டின் காப்பீட்டுப் பதிவேட்டை வைத்து, தூக்கக் கோளாறு என்று டாக்டர் எழுதிய பெண்களையும் அப்படி எழுதப்படாத பெண்களையும் வருஷக்கணக்காக ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் கருத்தரியாமை என்ற பதிவு மூன்று மடங்குக்கும் மேல். தலைப்புச் செய்திக்குப் போதும். ஆனால் தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போகிற பழக்கமுள்ளவள்தான் குழந்தை நிற்கவில்லை என்றும் டாக்டரிடம் போவாள். இரண்டுக்கும் போகாதவள் பதிவேட்டில் வரவே மாட்டாள். மன அழுத்தமும் பருமனும் இரண்டுக்கும் பொதுவான காரணமாக இருக்கலாம். அதனால் அந்த மூன்று மடங்கை நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தது 2019-இல் வந்த வட அமெரிக்க ஆய்வு. குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த பெண்களிடம் முன்கூட்டியே தூக்கத்தைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொண்டு, யாருக்கு எப்போது நிற்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். பாதி நாளுக்கு மேல் தூக்கம் வராமல் தவித்தவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் கருத்தரிக்கும் வாய்ப்பு 13 சதவீதம் போலக் குறைந்தது. 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு. பயங்கரமான எண் இல்லை. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதென்றால், முப்பத்தைந்தைத் தாண்டியவளுக்கு அது கணக்கில் வரும். இருபத்து நான்கு வயதுக்காரி கவலைப்பட வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் விட உறுதியான கயிறு ஒன்று இருக்கிறது. நீர்க்கட்டிக்கும் குறட்டைக்கும் நடுவில்.

நீர்க்கட்டி என்று ஊரில் சொல்வது பி.சி.ஓ.எஸ்.; ஸ்கேன் சென்டர்களில் பி.சி.ஓ.டி. கட்டி என்று சொன்னாலும் அவை கட்டிகள் இல்லை, வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். கருமுட்டை சரியாக வெளியாகாததால் குழந்தை தள்ளிப்போகும் பெண்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மோவாயில் முடி, கழுத்துப் பின்னால் கறுப்பு, இன்சுலின் சொன்ன பேச்சு கேட்காமல் போவது என்று அடையாளங்களை நம் பெண்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காதது, தூக்கத்தில் மூச்சு அடைபடுவது. ஸ்லீப் ஆப்னியா.

2001-இல் பென்சில்வேனியாவில் வந்த ஒரு ஆய்வில், பி.சி.ஓ.எஸ். இருந்த பெண்களில் 17 சதவீதத்தினருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. மற்ற பெண்களில் 0.6 சதவீதம். குண்டாக இருப்பதால்தானே என்று கேட்பீர்கள். எடையைக் கழித்துக் கணக்குப் போட்டும் வித்தியாசம் நின்றது. ஒரு காரணம் புரஜெஸ்டிரோன். முட்டை வெளியான பிறகு சுரக்கும் அந்த ஹார்மோன், மூச்சு விடச் சொல்லி மூளையைத் தூண்டும். முட்டையே வெளியாகாத பெண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. கூடவே ஆண் ஹார்மோன் வேறு அதிகம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், மூளை அலறி அரைகுறையாக எழுப்பிவிடும், மறுபடி கண் அசரும். விடியும் வரை இதே கூத்து. ஒவ்வொரு எழுப்பலுக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஏறும். அது இன்சுலினை இன்னும் கெடுக்கும். கெட்ட இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கச் சொல்லும். எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து நிற்கிறோம்.

என் சித்தி பொண்ணு ஒருத்தி. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பேர் வேண்டாம் என்றாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. மெட்ஃபார்மின், முட்டை வளர மாத்திரை, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஃபாலிக்கிள் ஸ்கேன், ட்ரிகர் ஊசி எல்லாம் பார்த்தவள். காலையில் எழுந்ததும் மண்டை கனக்கும் என்பாள். மதியம் தறி நின்றுபோன மாதிரி உட்கார்ந்த இடத்தில் அப்படியே சாய்ந்துவிடுவாள். "இந்த வயசுல என்னடி தூக்கம், தூங்குமூஞ்சி" என்று வீட்டில் பெயர். அவள் வீட்டுக்காரர்தான் ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்: "அண்ணி, இவ தூங்குறப்ப நடுவுல சத்தமே வராது. செத்த நேரம் கழிச்சு திடுக்குனு இழுப்பா. எனக்குப் பயமா இருக்கும். சொன்னா கோவிச்சுக்குறா."

கோபம் வராதா? ஆம்பிளை குறட்டை விட்டால் அசதி. பொம்பளை குறட்டை விட்டால் அது குடும்பத்துக்கே வெட்கக்கேடு. "எங்க வீட்டுப் பொண்ணுங்க யாரும் குறட்டை விட்டதில்லை" என்று அவள் மாமியார் சொன்னதை நானே கேட்டேன். பெண்களுக்கு இந்தக் கோளாறு இருந்தும் வெளியே தெரியாமல் போக இது ஒரு காரணம். இன்னொன்று, பெண்கள் குறட்டையைச் சொல்வதில்லை, அசதி, தலைவலி, தூக்கம் கலைகிறது, எரிச்சல் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் ரத்தசோகை என்றோ டென்ஷன் என்றோ எழுதிவிடுவார்.

ஒருவழியாகச் சோதனைக்கு ஒப்புக்கொண்டாள். வீட்டிலேயே செய்யலாம் என்றார்கள். சாயங்காலம் ஒரு பையன் பெட்டியோடு வந்து நெஞ்சில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், ஆள்காட்டி விரலில் சிவப்பு வெளிச்சம் எரியும் கிளிப் என்று மாட்டிக் காட்டிவிட்டுப் போனான். மாமியார் கட்டில் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத்தனையும் மாட்டிக்கிட்டு எப்படிடி தூங்குவே?" "தூங்கிடுவேன் அத்தை, நீங்க போய்ப் படுங்க." நிஜமாகவே தூங்கினாள், அவளுக்குத் தூங்குவதில் என்றைக்குமே சிரமமில்லை, தூங்கி எழுந்தும் களைப்பு போகாததுதான் வியாதி. மறுநாள் காகிதத்தில் ஆக்ஸிஜன் கோடு சீப்புப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கி இருந்தது. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று ஒரு எண் தருவார்கள். 5-க்குள் இருந்தால் சரி, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இவளுக்கு நடுத்தரம். அந்தக் காகிதத்தை மாமியார் வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இத்தனை தடவையா மூச்சு நின்னுச்சு?" என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் தூங்குமூஞ்சி என்ற வார்த்தையை நான் கேட்கவில்லை.

சிகிச்சை என்பது சி-பாப் என்னும் இயந்திரம். மூக்கில் முகமூடி மாட்டி, காற்றை மெல்ல அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைக்கும். விலை பல பத்தாயிரம். பெரிய ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கிறது. பி.சி.ஓ.எஸ். உள்ள இளம் பெண்களுக்கு 8 வாரம் இதை மாட்டிப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, அட்ரினலின் வகை ஹார்மோன் இறங்கியது. மாட்டிக்கொண்டு தூங்கிய நேரம் கூடக் கூடப் பலனும் கூடியது. இதை மாட்டினால் குழந்தை பிறக்கும் என்று நிரூபிக்கும் பெரிய ஆய்வு எதுவும் இல்லை. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும். பி.சி.ஓ.எஸ். பற்றிய சர்வதேச வழிகாட்டியின் 2018, 2023 பதிப்புகள் இரண்டுமே, இந்தப் பெண்களிடம் குறட்டை, பகல் தூக்கம், எழுந்தும் தீராத களைப்பு பற்றிக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்கின்றன. கேட்பதற்குக் காசு ஆகாது.

நைட் ஷிஃப்டைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் திட்டுவீர்கள். பெண்களை இரவு 7 முதல் காலை 6 வரை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அது சமத்துவத்துக்கு விரோதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது. தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். நர்ஸுகளுக்கு என்றைக்குமே அந்தத் தடை கிடையாது. அவர்கள் உடம்பைப் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்பட்டதில்லை என்பது வேறு கதை. இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் விடியற்காலையில் போனால், ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள்.

ஆராய்ச்சி இங்கே ஒரே குரலில் பேசவில்லை. ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுவது அதிகம் என்பதில் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். கருத்தரிக்கத் தாமதமாகுமா என்றால் சில ஆய்வுகள் ஆமாம் என்கின்றன, நான் மேலே சொன்ன வட அமெரிக்க ஆய்வு பெரிதாக இல்லை என்கிறது. பாஸ்டனில் சிகிச்சைக்கு வந்த பெண்களில், பகல் அல்லாத ஷிஃப்டுகளில் இருந்தவர்களுக்கு எடுக்கப்பட்ட முதிர்ந்த முட்டைகள் சராசரியாக 2 போலக் குறைவாக இருந்ததாக 2017-இல் எழுதினார்கள். டென்மார்க்கில் 2019-இல் மருத்துவமனை ஊழியர்களைப் பார்த்ததில், ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் இரவு ஷிஃப்ட் பார்த்த கர்ப்பிணிகளுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு, அடுத்த வாரத்தில் கரு கலையும் அபாயம் 32 சதவீதம் அதிகம். கர்ப்பமான பிறகாவது நைட் போடாதீர்கள் என்று மேலதிகாரியிடம் கேட்க இது போதுமான காரணம்.

எங்கள் மாடியில் குடியிருந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைச் சொன்னாள். "அக்கா, முட்டை எந்த நாள் வெடிக்கும்னு கண்டுபிடிச்சிடலாம். நாங்க ரெண்டு பேரும் எந்த நாள் ஒண்ணா வீட்டுல இருப்போம்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்." அவள் வீட்டுக்காரர் பகல் ஷிஃப்ட், இவள் இரவு. பகலில் தூங்குவதற்கு அவள் படுகிற பாடு! ஜன்னலுக்குப் பழைய போர்வையை ஆணியடித்து மாட்டியிருப்பாள். கீழே கோலமாவுக்காரர், பக்கத்து வீட்டுக் குக்கர், பதினொரு மணிக்குத் தண்ணி லாரி. எந்த ஹார்மோன் ஆய்வும் இந்தத் தண்ணி லாரியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கால் குடைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் தேவலை என்கிற மாதிரி இருந்தால், அதுவும் தூக்கக் கோளாறுதான். அடிக்கடி பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமானால் இந்தக் குடைச்சல் இன்னும் ஏறும், அதனால் முன்பே சரிசெய்துகொள்வது நல்லது.

தூக்கம் கெட்டுக் குழந்தை தள்ளிப்போவது ஒரு திசை என்றால், அதற்கு நேர் எதிர்த் திசையும் உண்டு. குழந்தை இல்லாத கவலையே தூக்கத்தைத் தின்றுவிடும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பந்திக்குப் போகிறவர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். கரு வைத்த பிறகு ரத்தப் பரிசோதனை வரைக்குமான இரண்டு வாரத்தில் யார்தான் தூங்குவார்கள்? அப்போது போய், நீ சரியாகத் தூங்காததால்தான் நிற்கவில்லை என்று யாராவது சொன்னால் அது அநியாயம். ஏற்கெனவே அவள் தலையில் எடை, வயது, படித்த படிப்பு, சாப்பிட்ட பப்பாளி என்று எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது. ஓரிரு வாரம் தூக்கம் கெட்டதால் கரு நிற்காமல் போனது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களுக்கு, மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியது தூக்கமின்மைக்கென்றே உள்ள நடத்தை சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2016-இல் சொன்னது. அதைத் தெரிந்த மனநல மருத்துவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கருத்தரிக்க முயலும்போது தூக்க மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

மெலடோனின் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். இருட்டில் சுரக்கும் ஹார்மோன். கருமுட்டையைச் சுற்றியுள்ள திரவத்தில் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக இருக்கிறது, முட்டையைப் பாதுகாக்கிறது என்று கருதுகிறார்கள். அதனால் யூட்யூபில் ஆளாளுக்குச் சிபாரிசு. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் குழந்தை பிறப்பது கூடியது என்று தெளிவாக வரவில்லை. உங்கள் டாக்டர் எழுதினால் சாப்பிடுங்கள். இல்லையென்றால் படுக்கும் அறையின் விளக்கை அணைத்தாலே சொந்தச் சரக்கு சுரக்கும்.

கடைசியாக, ஆண்களும் தூங்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டதில், டெஸ்டோஸ்டிரோன் பகலில் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. 2011-இல் வந்த ஆய்வு. இதைத் தமிழில் நாலு வரியாக எழுதி சித்தி பொண்ணு வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கு நீல டிக் விழுந்தது, ராத்திரி 1:40-க்கு.